நாலு யூனிட்

12.3.1988

என் நெட்டைக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், வேறு வழி? நர்சிங் ஹாஸ்டலை விட்டு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஒரு அஞ்சலட்டைக்குக்கூடவா உனக்கு நேரமில்லை?

அப்பா என்னோடு பேசுவதில்லை. அண்ணிதான் இரண்டு பக்கமும் தூது போகிறாள். நேற்று என் காதில் விழும்படியே அவளிடம், “ஒரு மனுஷன் உசுரு போயிருக்கு. இவளுக்குச் சோறு எப்படி இறங்குது?” என்றார். இறங்கவில்லை என்று அவரிடம் யார் சொல்வது?

கண்ணை மூடினால் அந்தக் காலைதான் வருகிறது. ஏழாம் கட்டில் டிரைவர் ஐயாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய இன்சுலின். என் கையில் சிரிஞ்சு, உன் கையில் மருந்துத் தாள். “எவ்வளவுடி?” என்றேன். “நாப்பது” என்றாய். நானும் எட்டிப் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. டாக்டர் எழுதியது நாலு. நாலுக்குப் பின்னால் யூனிட்டுக்காக அவர் போட்ட ஒற்றை ஆங்கில ‘யூ’ வாய் மூடி சைபராகிவிட்டது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு என்று விரல் மடக்கி ஒப்பிப்போமே, என்ன ஒப்பித்தோம்? “சரிபார்த்ததுக்குக் கையெழுத்து அப்புறம் போடுறேன், ஒன்பதாம் கட்டில்ல கூப்பிடுறாங்க” என்று நீ ஓடிவிட்டாய். ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து அவர் போய்ச் சேர்ந்தார்.

மேட்ரன் கேட்டபோது நீ வாயைத் திறக்கவில்லை. பயந்திருப்பாய். நீயே சொல்வாய் என்று நானும் உன் பெயரைச் சொல்லவில்லை. வரும் இருபத்தெட்டாம் தேதி மறு விசாரணை. பழியை நீ சுமக்க வேண்டாம்டி. இரண்டு பேர் பார்த்தோம், இரண்டு பேருக்கும் நாற்பதாகத் தெரிந்தது என்று மட்டும் சொல். யாரையும் கேட்காமல் தனியாக ஊசி போட்டவள் என்ற பேர் போனால், ஆறு மாதத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம்.

உன்
குருவி


19.3.1988

என் குருவிக்கு,

கோபப்படாதே. எழுத உட்கார்ந்தால் முதல் வரியோடு பேனா நின்றுவிடுகிறது.

வகுப்பில் இப்போது, உடம்புக்குள் போன மருந்து என்ன ஆகிறது என்ற பாடம். கல்லீரல் அதை உடைக்கிறது, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் இருக்கிற மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். “வார்டன் கோபத்துக்கு அரை ஆயுள் எவ்வளவு மேடம்?” என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. நீ இருந்தால் நீதான் கேட்டிருப்பாய். உன் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. வார்டில் இனி யூனிட் என்று முழுசாக எழுத வேண்டும் என்று உத்தரவு ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி சொல்லிவிடுகிறேன். சத்தியமாக. அம்மா காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. நான் நர்ஸ் தொப்பி போட்டு நிற்பதைப் பார்க்கத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
நெட்டை


2.4.1988

நெட்டை,

உள்ளே போனாய். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டாய். வாசல் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். என் செருப்பைப் பார்த்தாய், முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நீ சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ‘நான் ஒன்பதாம் கட்டிலில் இருந்தேன். அவளோடு யாரும் இல்லை.’ அப்போதுதான் உன் பெயரைச் சொன்னேன். “அப்படின்னா அவ கையெழுத்து எங்கே?” என்றார் மேட்ரன். கூட வந்திருந்த அப்பா பக்கத்தில் நின்றார். “ரெண்டு பேர்னு சொன்னியேம்மா?” என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நேற்று டிரைவர் ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டும் கதவைச் சாத்தவில்லை. “நான்தாம்மா ஊசி போட்டேன்” என்றேன். “கூட ஒரு நெட்டைப் பொண்ணு தாளைப் பார்த்துப் படிச்சுச்சே, அது வரலையா?” என்றார். அன்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

“நான் வேணா வந்து சொல்லட்டுமா?”

புருஷனைப் பறிகொடுத்தவர் எனக்காக அந்த ஆஸ்பத்திரிப் படியை மறுபடி ஏறுவதா? வேண்டாம் என்றேன்.

“அவருக்கு அன்னைக்கு நல்ல பசி. ஊசி போட்டாத்தான் சாப்பாடுன்னு உங்களைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாரு” என்றவர் அப்படியே உடைந்து அழுதார். நானும் அழுதேன். நீயும் அங்கே இருந்திருக்க வேண்டும்.

கடைசி முடிவு மாதக் கடைசியில். அதுவரை மேட்ரன் அறைக் கதவு உனக்குத் திறந்துதான் இருக்கிறது.

குருவி


6.2.1990

என் குருவிக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. வேறெப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

போன மாதம் அம்மா போய்விட்டாள். தொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே மேட்ரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் தாளை வாசித்தேன், நான்தான் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். “ரெண்டு வருஷம் எப்படிம்மா தூங்கினே?” என்று கேட்டுவிட்டு, பேட்ஜைக் கழற்றி மேசை மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக உனக்கு எழுதுவார். வந்துவிடுடி.

மன்னிக்க வேண்டாம். திட்டியாவது நாலு வரி எழுது.

உன்
நெட்டை


20.2.1990

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம்.

மேட்ரன் அம்மாவும் எழுதியிருந்தார். வர இயலாது என்று பதில் போட்டுவிட்டேன். சில மாதங்களுக்கு முன் அண்ணன் மகளுக்குக் காய்ச்சல். மருந்தை மூடியில் கோடு வரை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். மூன்று முறை ஊற்றி மூன்று முறையும் கொட்டிவிட்டேன். கடைசியில் அண்ணி என் கையிலிருந்து சீசாவை வாங்கிக்கொண்டாள். இப்போது ஒரு துணிக்கடையில் இருக்கிறேன். அளந்து வெட்டும் பக்கம் போவதில்லை. மடித்து அடுக்குகிறேன்.

நீங்கள் தாளைத் தவறாக வாசித்ததில் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படித்தான் வாசித்தேன்.

என் அப்பா நவம்பரில் காலமானார். நான் பொய் சொன்னேன் என்று நம்பிக்கொண்டேதான் போனார். உங்கள் கடிதம் மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருப்பேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய வகுப்புத் தோழி