நூற்று நாற்பது நாள் லீவு

என் செல்லமே,

வேலையை விட்டுவிட்டேன்! நூற்று நாற்பது நாள் லீவு சேர்ந்து கிடக்க, உன் பிரசவத்துக்கு முப்பது நாள் கேட்டேன். மேலாளர் கையை விரித்தார். அவர் மேஜையிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கணக்குப் பிரிவுத் தம்பிதான் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, எடுக்காத லீவுக்கு வர்ற பணம் இந்த வருஷச் சம்பளத்தோட சேர்ந்தா வரி எகிறிடும். மூணு வாரம் பொறுத்து, புது வரி வருஷத்துல விலகுங்க. பாதி மிச்சம்!"

"அதுக்குள்ள என் பேரப்பிள்ளை பொறந்துடும்டா!"

நீ பிறந்த பதினோராம் நாளே உன்னை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன். அன்று எடுக்காத லீவும் இதில்தான் இருக்கிறது. அதற்கு வரி கட்ட வேண்டியவள்தான் நான்.

நாளைக் காலை ரயிலில் வருகிறேன். நீ கூப்பிடவில்லைதான். கதவை மட்டும் திற.

உன் அம்மா