கார்த்தி யாரென்று கேட்டார்கள்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மேற்கே மலையே தெரியவில்லை. திராட்சை நிறம் எடுக்கிற நேரம், இது நின்று பெய்தால் அத்தனையும் வெடித்துவிடும். உ.பாளையம் கடைத்தெருவுக்குப் போய் மருந்து வாங்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டர். வீட்டுக்காரி செல்விக்கு மூட்டுவலி மாத்திரை.

அக்கா அமெரிக்காவிலிருந்து பேசினாள். அவள் மகன் கார்த்தி இன்னும் உள்ளேதான். கார் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ், பேப்பர் கேட்டு, இல்லையென்றதும் கொண்டுபோய் அடைத்துவிட்டது. ஆவணியில் பிடித்தது. மூன்று வயதில் அக்காவும் மச்சானும் டூரிஸ்ட் விசாவில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. அவர்கள் திரும்பவில்லை, அவன் எப்படித் திரும்புவான். இப்போது இருபத்தேழு. ஏசி மெக்கானிக். இந்தியாவுக்கு அனுப்பச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது.

ஆனால் இவன் எங்கள் ஆள்தான் என்று இந்தியா ஒத்துக்கொண்டால்தான் அனுப்ப முடியுமாம். அதற்கு இங்கே போலீஸ் வந்து விசாரிக்கும். ஆமாம் என்றால் ஏற்றிவிடுவார்கள். இல்லையென்றால் கொஞ்ச காலம் வைத்திருந்து வெளியே விட்டாலும் விடுவார்கள். வக்கீல் இவ்வளவுதான் சொன்னார். மிச்சம் அக்காவின் யோசனை.

"உன்கிட்டத்தான் வருவாக. யாருன்னு தெரியாதுன்னு சொல்லிரு தம்பி. ஒத்த வார்த்தை."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

கார்த்தியிடம் இதைச் சொல்ல வழியில்லை. அங்கே போன் பேச்செல்லாம் பதிவாகும். அக்கா நேரில் பார்க்கப் போனால் அவளையும் பிடித்துக்கொள்வார்கள். பெற்ற மகனைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றுகூடப் பார்க்க முடியவில்லை அவளால்.

மாத்திரை மறந்துவிட்டேன். செல்வி திட்டினாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை. சுவரிலிருந்த கார்த்தியின் காதுகுத்துப் படத்தைக் காலையில் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. செல்வி காலண்டரை மாட்டினாள். அதுவும் மறைக்கவில்லை.

பதினோரு மணிவாக்கில் ஏட்டு வந்தார். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். போனில் போட்டோவைக் காட்டினார். தாடி. ஆள் பாதியாகியிருந்தான். நெற்றி அப்படியே அக்கா. வலது காதில் துளை கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும், ஆசாரி குத்தும்போது இவன் திமிறியதால். அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க அக்கா மகன்னு வந்திருக்கு. தெரியுமா?"

"யாருன்னு தெரியலய்யா. அக்கா கூட ரொம்ப வருசமாப் போக்குவரத்து இல்ல."

தாய்மாமன் நான். என் மடியில் உட்கார்த்தித்தான் குத்தினார்கள். என் வேட்டியை நனைத்தான், என் கையைக் கடித்தான். அந்தப் பிள்ளையைத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஏட்டுக்கு டீ வேண்டுமா என்று கேட்கிறேன். செல்வி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

சாயங்காலம் பாண்டி வந்தார். மாவு மில் வைத்திருப்பவர், மூன்று வீடு தள்ளி. முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், ஏட்டு நம்ம மில்லுக்கும் வந்தாரு. கார்த்தி போட்டோவக் காட்டுனாரு. எங்க தெருப் பிள்ளைதான், இவன் காதுகுத்துல நாந்தான் பந்தி பரிமாறுனேன்னு சொன்னேன். நானும் டீக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டுட்டோம். பாஸ்போர்ட்டு சீக்கிரம் வந்துரும் பாருங்க."

அவர் மகள் துபாய்க்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது, இதே மாதிரி போலீஸ் விசாரிக்க வந்தது. நான்தான் நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் என்று கையெழுத்துப் போட்டேன். அதை மறக்காத மனுஷன். பதிலுக்குச் செய்திருக்கிறார். போலீஸ் போட்டோவோடு தெருவுக்குள் வந்தால் பாஸ்போர்ட்டுக்குத்தான் வரும் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தோன்றாது. அவரிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

"ரொம்ப நன்றி மச்சான்" என்றேன். செல்வி டீ போட்டுக் கொடுத்தாள்.

நவம்பர் 7, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போனேன். ரிப்போர்ட் போய்விட்டதாம். "நீங்க சொன்னதையும் எழுதிருக்கேன், அவுக சொன்னதையும் எழுதிருக்கேன்" என்றார் ஏட்டு. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

திரும்பும்போது டீக்கடை டிவியில் இதே செய்தி. கைவிலங்கு போட்டு விமானத்தில் ஏற்றுகிறார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், முறையில்லாமல் போனவனை அனுப்பத்தான் செய்வான், நம் நாடாக இருந்தால் விடுவோமா என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அக்காவும் மச்சானும் செய்தது தப்பு, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை எந்த முறையைக் கேட்டு ஏறுவான்? காது குத்தக்கூட அவனிடம் சம்மதம் கேட்கவில்லை நாங்கள். படித்தது அங்கே, பல் விழுந்து முளைத்தது அங்கே. இங்கே அவனுக்கு ஒரு பஸ் நம்பர் தெரியாது. தமிழ் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதையெல்லாம் அந்தக் கடையில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். யாரென்றே தெரியாதவனுக்காக நான் எப்படிப் பேசுவது.

நவம்பர் 10, திங்கள்

செல்வி சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டு வந்தாள். கூட்டமாம். காக்கா சோறு எடுக்கவில்லையாம், அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாண்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ. மில்லில் செல்வியிடம் கூலி வாங்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் மில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

கொத்துகளில் வெடிப்பு ஆரம்பித்துவிட்டது. கிழக்கு வரிசை முழுக்க.

டிசம்பர் 2, செவ்வாய்

அக்கா. அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இந்தியா ஒத்துக்கொண்டுவிட்டது. அவன் பயணத்துக்கான பேப்பர் தயார். வக்கீல் கடைசியாக ஒரு மனு போட்டிருக்கிறார்: இந்தியாவில் அவனுக்கு யாருமே இல்லை, போனால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்று. அது ஒன்றுதான் பாக்கி.

"அவன் பேசுனா பார்த்துப் பேசு. வீடு இருக்கு, வாசல் இருக்குன்னு எதுவும் சொல்லிராத. கேட்டுக்கிட்டே இருப்பாக."

மாடி அறையைச் செல்வி கூட்டி வைத்திருக்கிறாள். உரமூட்டையெல்லாம் வெளியே.

டிசம்பர் 14, ஞாயிறு

மழை விட்டு நாலைந்து நாளாகிறது. பாதிக்குமேல் வெடிப்பு. வியாபாரி வந்து பார்த்துவிட்டு விலை பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தோட்டத்தில் இருக்கும்போது கார்த்தி பேசினான். அடைத்து வைத்திருக்கிற இடத்திலிருந்தே. முதலில் ஒரு இங்கிலீஷ் குரல், பேச்சு பதிவாகிறது என்று. பிறகு அவன். அக்காவிடம் கேட்டுக் கேட்டு வந்த தமிழ், அப்படியே எங்கள் வீட்டுப் பேச்சு.

"நல்லா இருக்கீகளா மாமா?"

இருக்கேன்ப்பா என்றேன்.

"என்னையத் தெரியாதுன்னு சொன்னீகளாம். பேப்பர்ல வாசிச்சுக் காட்டுனாக."

பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கோவமெல்லாம் இல்ல மாமா. மதுரைல எறக்கிவிட்டா எங்கன போறதுன்னு கேக்கத்தான் பேசுனேன். எனக்கு வேற யாரையும் தெரியாது."

மாடி அறை இருக்கிறது. கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கியாகிவிட்டது. ஏர்போர்ட் வாசலில் விடியுமுன்னே போய் நிற்பேன். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. நாளைக்குத்தான் அவனுக்கு யாருமில்லை என்கிற அந்த மனு விசாரணை.

அவன் காத்துக்கொண்டிருந்தான். பந்தலுக்கு மேலே சுள்ளென்று வெயில்.

"இங்கன ஒரே மழைப்பா" என்றேன்.

"சரிங்க மாமா" என்றான்.