தாடி ஒட்ட வேண்டாம்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உங்கள் அம்மா இருக்கிற முதியோர் இல்லத்தில் நாலு மணிக்குக் கிறிஸ்துமஸ் விழா, ஏற்பாடெல்லாம் என் தலையில். போன வருஷம் பலூன் வெடித்து அம்மா மேஜைக்கடியில் ஒடுங்கினார்களே. இந்த முறை பலூனே கிடையாது, பாட்டு மட்டும்தான்.

கிறிஸ்துமஸ் தாத்தா நீங்கள்தான். ஆனால் தாடி வேண்டாம். நேற்று ஒத்திகையில் உங்களுக்குப் பதிலாக இல்லத்துச் சமையல்காரர் தாடி ஒட்டி வந்ததும், "யாருடி இவன், வெளிய போகச் சொல்லு"ன்னு அம்மா என் கையை விடவே இல்லை.

"தாடி இல்லாட்டி வரமாட்டேன்"னு நேற்று நீங்கள் கத்தியது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. உங்கள் வெறும் முகத்தைப் பார்த்தும் அம்மா மறதியில் "யாரு"ன்னு கேட்டுவிட்டால்? எனக்கும் அதே பயம்தான். இல்லத்து வாசலிலேயே நிற்பேன், சேர்ந்து உள்ளே போவோம்.

சாவி ஆணியில். பூட்டிவிட்டு வாங்க.

பி.கு.: தாடியைத் தேடாதீர்கள். என் பையில் இருக்கிறது.