மோகனுக்கு, சுரங்கத்தில் நான் ஓடியதைப் பற்றி

என் உயிர் மச்சான் மோகனுக்கு,

நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? இப்போது ஒன்று இருக்கிறது, வேறு யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. என் மனைவியிடமே பாதிதான் சொன்னேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உன் சாந்தியை, நாம் கல் பொறுக்கப் போகும் அந்தக் கைவிட்ட ஃபுளோரைட் சுரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதறாதே, அவள் உயிரோடு இருக்கிறாள். காலில் ஒன்பது தையல்.

கேட்டது அவள்தான். நீ சேர்த்த கற்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியை இன்னும் அவள்தான் துடைக்கிறாள். நான் வீட்டுக்குப் போன அன்று அந்தப் பெரிய ஊதாக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழம ஆனா என் வீட்டுக்காரரு எங்க போனாரு? நான் ஒரு தடவ பாக்கணும்."

"காடு சாந்தி. செம்பனைத் தோட்டத்தத் தாண்டி நடக்கணும். அட்டை ஏறும்."

"தோட்டத்துல பொறந்தவகிட்ட அட்டையக் காட்டி பயமுறுத்துறீங்களா? போலாம்ணே."

யாருக்கும் காட்டக்கூடாது என்று நாம் செய்துகொண்ட சத்தியம் ஞாபகம் வந்தது. உன் மனைவி 'யாரோ' ஆவாளா? உலு திராமிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டோம். காரை வழக்கமான இடத்தில் விட்டு, ஓடையைத் தாண்டி, குன்றின் அடியில் இருக்கும் அந்தத் துவாரத்தில் குனிந்து நுழைந்தோம்.

உள்ளே உன்னைப்போலவே பேசிக் காட்டினேன். இந்த வெள்ளைச் சுவர் ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்பு. கீழிருந்து எரிகுழம்பு ஏறி வந்து, அதன் சூட்டில் வெந்து பளிங்காகிவிட்டது. குழம்பு இறுகிக் கருங்கல்லான பிறகு, மிச்சமிருந்த வெந்நீர் விரிசல் வழியாக மேலே வந்து ஆறியதுதான் பாறைக்குள் ஓடும் இந்த ஊதா ஃபுளோரைட் நரம்பு. இரும்பு உருக்கும் உலையில் கசடை இளக்க வேண்டும் என்று இதை வெட்டினார்கள். அவள் சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாள். நரம்பின் ஓரத்தில் வெள்ளிபோல் மின்னிய கனிமத்தில் கை வைக்கப் போனபோது தடுத்தேன்.

"அதத் தொடாத. சுத்தியால தட்டுனா பூண்டு வாசம் வரும். விஷம் அது, ஆர்செனிக்."

அவள் நின்றுவிட்டாள். "அதுக்குத்தானா? வீட்டுக்கு வந்ததும் மூணு தடவ சோப்பு போட்டுக் கை கழுவுவாரு. எவ வாசனயக் கழுவுறாருன்னு ஒரு வருஷம் நான் அழுதிருக்கேன்ணே."

நீ ஏன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மோகன்?

கடைசியில், நாம் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும் இடத்துக்கு வந்தோம். புற ஊதா ஒளி அடிக்கும் உன் யூவி டார்ச்சைக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் தலைவிளக்கு இரண்டையும் அணைத்துவிட்டு அதைச் சுவரில் அடித்தேன். நரம்பு முழுக்க நீலமாக எரிந்தது. "அலமாக்!" என்று வாய்பிளந்தாள். சுவர் முழுவதையும் பார்க்க இரண்டு அடி பின்னால் வைத்தாள்.

காய்ந்த மட்டை முறிகிற மாதிரிதான் சத்தம் கேட்டது. உடனே அவள் அலறல். டார்ச் என் கையிலிருந்து நழுவி விழுந்து அணைந்தது. தலைவிளக்கைப் போட்டுப் பார்த்தால், தரைக்கு மேலே அவள் பாதிதான் தெரிகிறாள். இரண்டு முழங்கைகளையும் ஒரு பலகையில் ஊன்றித் தொங்குகிறாள். அவளைச் சுற்றி இருந்த மண்ணும் கல்லும் உள்ளே சரிகின்றன. சரிந்த கல் தண்ணீரில் விழும் சத்தம் உடனே வரவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

நான் ஓடினேன், மோகன்.

ஆள் கூப்பிட ஓடினேன் என்று மனைவியிடம் சொன்னேன். பொய். அந்தக் காட்டில் யாரைக் கூப்பிடுவது? என் காலடியிலும் தரை ஆடியது, ஓடினேன், அவ்வளவுதான். வாசல் வெளிச்சம் தெரியும் வளைவு வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. காப்பாத்துங்க என்றுகூட இல்லை.

"அண்ணே, வெளக்கு! இருட்டா இருக்குண்ணே!"

அவள் நெற்றி விளக்கு அணைந்தே இருந்தது. அதைப் போட அவளுக்கு ஒரு கைகூடக் காலியில்லை. இருந்த ஒரே வெளிச்சத்தையும் நான் எடுத்துக்கொண்டு ஓடியிருந்தேன்.

திரும்பினேன். எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. இடப்பக்கச் சுவரை ஒட்டி வயிற்றால் ஊர்ந்தேன். பையின் வாரைக் கழற்றி அவள் அக்குளுக்கடியில் கொடுத்துச் சுற்றினேன்.

"கால எங்கயாவது ஊனு, சாந்தி."

"ஊன்ற எடமே இல்லண்ணே. கீழ ஒண்ணுமே இல்ல."

இழுத்தேன். ஆணியோ கல்லோ அவள் காலைக் கிழித்தது. மேலே வந்து என்மேல் விழுந்தாள். அவள் பிடித்திருந்த பலகை அதன் பிறகுதான் போனது.

வெளியேறும் முன் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். குழியின் இரண்டு சுவரிலும் ஊதா நரம்பு நேராக இறங்கிக் கறுப்புத் தண்ணீருக்குள் போகிறது. "இவ்வளவு நல்ல நரம்ப ஏன்டா பாதியில விட்டுட்டுப் போனானுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே. அவர்கள் விடவில்லை. அதன் பின்னாலேயே கீழே தோண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீர் ஊறியதும் பலகை போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதன்மேல் மண்ணும் கல்லும் விழுந்து தரைபோல ஆகிவிட்டது. அந்தப் பலகைமேல் கால் நீட்டிக்கொண்டுதான் நாம் அத்தனை வருஷம் சாப்பிட்டோம்.

ஒன்று கேட்க வேண்டும். "சுவத்த ஒட்டியே வாடா, நடுவுல நடக்காத" என்று நீ ஏன் சொல்லிக்கொண்டிருந்தாய்? நரம்பு நன்றாகத் தெரியும் என்பதாலா? உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாய். சொல்லியிருப்பாய்தானே? சோப்பு விஷயத்தை அவளிடம் நீ சொல்லவில்லை என்று தெரிந்ததிலிருந்து எனக்கு நிச்சயமில்லை.

கிளினிக்குக்குப் போகும் வழியில் காரில் அவளே ஆரம்பித்தாள்.

"ஓடுனீங்கள்ல?"

"ஆமா."

"எனக்குக் கால் தரையில இருந்திருந்தா நானும் ஓடியிருப்பேன் லா." சிரித்தாள். அப்புறம் கிளினிக் வரும்வரை அழுதாள்.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. தொழிற்சாலையில் மாடியின் இரும்புத் தகட்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை, கீழ்த்தள வேலைக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன். லிஃப்டில் ஏறுவதில்லை. வீட்டு டைல்ஸ் ஒன்று லேசாக ஆடினாலும் உடம்பு வேர்க்கிறது. சாந்தி குளியலறைக் கதவைச் சாத்துவதில்லையாம்.

நம் சத்தியத்தை உடைத்துவிட்டேன். இருவரும் நில அலுவலகத்துக்குப் போய்ப் படம் வரைந்து கொடுத்தோம். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். கல் சேகரிக்கிற நம் வாட்ஸ்அப் குழுவிலும் இடத்தைச் சொல்லி, யாரும் உள்ளே போகாதீர்கள் என்று எழுதிவிட்டேன். கோபப்படுவாயா? படு.

போன ஞாயிறு சிவப்புப் பெயிண்டில் மூன்று மொழியில் எச்சரிக்கைப் பலகை எழுதி எடுத்துப்போனோம். வாசலுக்கு முன்னால், வெட்ட வெயிலில், பத்து அடி தள்ளி நின்றும் என்னால் ஆணியைப் பிடிக்க முடியவில்லை. அது திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது. சாந்தி நொண்டிக்கொண்டு வந்து ஆணியைப் பிடித்தாள்.

"அடிங்கண்ணே. என் வெரல்ல மட்டும் அடிச்சிராதீங்க."

அடித்தேன்.

அந்தச் சுரங்க வாயை நில அலுவலகத்தார் கான்கிரீட் போட்டு மூடும்வரை ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்ப்பேன், மோகன். உள்ளே ஒரு அடி வைக்க மாட்டேன், வேறு யாரையும் வைக்க விடமாட்டேன். நான் தைரியசாலி ஆகிவிடுவேன் என்றெல்லாம் வாக்குத் தர மாட்டேன். ஆனால் உன் சாந்தி இனி எங்கேயிருந்து கூப்பிட்டாலும், பயந்துகொண்டேயாவது, அவள் பக்கம்தான் ஓடுவேன்.

இப்படிக்கு,
உன் மச்சான், சாந்தியின் அண்ணன்,
குணா