காரின் மூக்குக்குப் பூ வேண்டாம்

ஆவணி 20, செவ்வாய்
காலையிலேயே கொதி வெயில். கார் ஒட்டுசுட்டானுக்கு வந்து நாலாம் நாள். செகண்ட்ஹாண்ட்தான். பிரெஞ்சுக் கார், சாம்பல் நிறம், நல்ல உயரம், என் பெயரில். இன்று இரண்டு முறை கழுவினேன். ஒரு முறை போதும்தான்.

அக்கா வந்தாள். "பொம்பிளையை உன்ர காரிலதான் ஏத்திறது. வாணி ஒற்றைக்கால்ல நிக்கிறாள்." வாணி அவள் மகள், கலியாணப் பெண். வெள்ளி கலியாணம், முல்லைத்தீவு மண்டபத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவின் புருஷன், அத்தானுக்குப் பிடிக்கவில்லை. "ஜப்பான் கார் எடுத்திருக்கலாமே பிள்ளை. இது பழுதானா வன்னியில ஆர் கை வைப்பான்? நடுறோட்டில நிண்டா மானம் போயிடும்."

அம்மா நாவூறு படாமல் தேசிக்காயும் பச்சை மிளகாயும் கோத்து முன்னால் கட்டிவிட்டா.

21, புதன்
கந்தோருக்கு வேலைக்குப் போகும் வழியில் கீக் கீக். சிவப்பு எழுத்து: பிரேக் எச்சரிக்கை. முன்னால் ஒரு மாடுகூட இல்லை! பயந்து ஓரம் கட்டினேன். பஸ்ஸில் போன அத்தான் கண்டுவிட்டார். பின்னேரம் செய்தி: வாடகை வான் பேசியாயிற்று, பொம்பிளை அதில்தான்.
அழுதேன். கோபத்தில்.

22, வியாழன்
லீவு. காற்று. அக்கா வீட்டுக் குசினியில் பலகாரம் சுடும் சத்தத்துக்குள் கார்ப் புத்தகம் முழுவதும் படித்தேன். முன் பம்பரில், எதிரில் உள்ளதைக் காண ஒரு ரேடார். மறைக்கக் கூடாதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் தேசிக்காய் அதன் முகத்திலேயே ஆடுகிறது! அவிழ்த்தேன். மாங்குளம் போய்த் திரும்பினேன். ஒரு சத்தம் இல்லை.

"அப்ப நாவூறுக்கு?" என்றா அம்மா.
"டிக்கிக்குள்ள வைப்பம் அம்மா. சாமிக்குத் தெரியும்தானே."

வாணி தகப்பனோடு சண்டை. முடிவு: அவள் என் காரில், வான் பின்னால், காவலுக்கு.

23, வெள்ளி
தூறல், பிறகு வெளித்தது. பூக்காரர் முன்பக்கம் முழுக்க மாலை சுற்றப் போனார். குறுக்கே நின்றேன். "அண்ணை, மூக்கில ஒண்டும் வேண்டாம். கூரையில எவ்வளவும் போடுங்கோ."

தண்ணீரூற்றுக்குக் கிட்ட, பற்றைக்குள்ளிருந்து மாடு ஒன்று குறுக்கே. நான் காணுமுன் கார் கண்டது. கீக். தானே பிரேக் பிடித்தது. வாணியின் தலையில் ஒரு பூவும் சரியவில்லை. மாடு ஆறுதலாகக் கடந்தது. பின்னால் வானுக்குள் அத்தான் எழும்பி நின்று பார்த்தார்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பன், "ஆற்ற கார்?"
"என்ர மச்சாளின்ர," என்றார் அத்தான். மாட்டுக் கதையும் சொன்னார். மூன்று பேருக்கு.

திரும்பும்போது அத்தான் என் காரின் முன் கதவைத் திறந்து ஏறினார். "வானை அனுப்பிப்போட்டன் பிள்ளை. நீர் காரை ஓட்டும்."

பூ இன்னும் கழற்றவில்லை. திங்கள் கந்தோருக்கு இப்படியேதான்.