அளவு ஜாக்கெட்

உ
வல்லத்திராக்கோட்டை
4.1.2025

அன்புள்ள ஷர்லிக்கு,

நாங்கள் நலம். நீயும் உன் தையல் மிஷினும் நலமா? மிஷினுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைக்கிறேன். பொங்கலுக்குத் தைத்துக் கொடுத்த பச்சை ஜாக்கெட் இடது பக்கம் பிடிக்கிறது. கையைத் தூக்கினால் தையல் தெறித்துவிடும் போல இருக்கிறது. வலது பக்கம் கச்சிதம். தீபாவளி ஜாக்கெட்டிலும் இதே கதைதான், நீ பிரித்துக் கொடுத்தாய். இடது பக்கம் வெட்டும்போது மட்டும் டிவி பார்க்கிறாயா?

போனில் திட்டலாம் என்றால் என் மாமியார் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து கொள்கிறார். அதனால் வழக்கம்போல ஜாக்கெட்டுக்குள் கடுதாசி. வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ் போகிற வழியில் பையை உன் கடையில் கொடுப்பார். இத்தனை வருஷமாகக் கொண்டுவருகிறார், ஒருநாளும் உள்ளே என்ன என்று பார்த்ததில்லை. ஜாக்கெட் பையை எந்த ஆம்பளை திறந்து பார்த்தான்!

இப்படிக்கு,
கோபத்தோடு,
தங்கமுத்து


மரியே வாழ்க
கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை
8.1.2025

பிரியமுள்ள தங்கமுத்து அக்காவுக்கு,

என் மிஷினைச் சொன்னால்கூடப் பொறுப்பேன், என் வெட்டைச் சொன்னால் பொறுக்க மாட்டேன். உங்கள் கடுதாசியைப் படித்ததும் வந்த கோபத்தில் ஜாக்கெட்டை மேஜையில் விரித்து, நடுவில் மடித்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. நீங்கள் கொடுத்து வைத்திருக்கிற அளவு ஜாக்கெட்டையும் மடித்துப் பார்த்தேன். அதுவும் சமம். போன ஆடி மாதம் கடையில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள், எங்கும் பிடிக்கவில்லை.

துணி சுருங்கினால் இரண்டு பக்கமும் சுருங்க வேண்டும். ஆள் பெருத்தால் இரண்டு பக்கமும் பெருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் ஏன் பிடிக்கிறது? இரண்டு நாளாக எனக்கு இதே யோசனை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அக்கா. கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். தொட்டும் பாருங்கள்.

உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துவிட்டிருக்கிறேன். பொங்கலுக்குப் போடலாம்.

அன்புடன்,
ஷர்லி


உ
வல்லத்திராக்கோட்டை
20.1.2025

அன்புள்ள ஷர்லிக்கு,

'ஜாக்கெட் தைக்கச் சொன்னா ஆராய்ச்சி பண்றா' என்று சிரித்துவிட்டுப் பொங்கல் வேலையில் மறந்துபோனேன். பிறகு ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது நினைவு வந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடியோ அவர் சவரம் செய்ய அவர் உயரத்துக்கு மாட்டியது. அதில் எனக்கு நெற்றிதான் தெரியும். பீரோக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். இந்த வயதுக்கு இப்போதுதான் என்னை நானே முழுதாகப் பார்க்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது.

கையைத் தூக்கினால் இடது பக்கம் ஒரு இடத்தில் தோல் உள்ளே இழுக்கிறது. நீ டாட் பிடித்தது போல ஒரு சுருக்கம். தொட்டால் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை. வலிக்காததால் ஒன்றும் இருக்காது, இல்லையா? மாமியார் சூட்டுக்கட்டி என்று சந்தனம் அரைத்துக் கொடுத்தார். நீ என்ன நினைக்கிறாய்?

தங்கமுத்து


மரியே வாழ்க
புதுக்கோட்டை
21.1.2025

அக்கா,

நான் துணியைத்தான் பார்ப்பேன், உடம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் வலிக்கவில்லை என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. சந்தனம் போட்டது போதும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அண்ணன் வரவில்லை என்றால் கடையைச் சாத்திவிட்டு நான் வருகிறேன்.

ஷர்லி


உ
வல்லத்திராக்கோட்டை
25.2.2025

அன்புள்ள ஷர்லிக்கு,

கடுதாசி போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அவரே கூட்டிப்போனார். ஊசியால் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடமும் என் கொழுந்தனிடமும் பேசினார். வெளியே வந்த மனுஷன், "ஒண்ணுமில்ல, கொழுப்புக் கட்டி. எடுத்துருவாங்க" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நம்பியிருப்பேன். இளநீர் வாங்கி முதலில் எனக்குக் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்துக் கொடுத்தார். வீடு வரும்வரை என்னை ஒரு குறை சொல்லவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, ஷர்லி.

அடுத்த தடவையும் டாக்டரம்மா, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, சார்கிட்ட பேசணும்" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கட்டி இருக்கிறது எங்கிட்டயா, அவர்கிட்டயாங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வா, அங்கிட்டுப் போயி தண்ணி குடிச்சிட்டு வரலாம்."

"நீங்க போயி குடிச்சிட்டு வாங்க. நான் இங்கிட்டுத்தான் இருப்பேன்."

டாக்டரம்மா சின்னப் பெண்தான். பைலை என் பக்கம் திருப்பி, நோயின் பெயரைச் சொன்னார். கேட்டதும் காது அடைத்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் அடைப்பு விட்டதும் வாய் திறந்துகொண்டது. எவ்வளவு பெரிசு, வேறு எங்கும் போயிருக்கிறதா, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, இந்தப் படத்தில் என் கட்டி எது என்று எல்லாம் கேட்டேன். அவர் படம் போட்டே காட்டினார். கட்டியை மட்டும் எடுத்தால் வாரக்கணக்கில் கதிர்வீச்சு, அதான் கரண்ட், வைக்க வேண்டுமாம். கரண்ட் ஆபீஸ்காரர் பெண்டாட்டிக்கே கரண்டா என்று சிரித்தேன். பாவம், வீட்டுக்காரர் அழுதுவிட்டார்.

முழுதாக எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். நான்தான் கையெழுத்தும் போட்டேன். சரியா தப்பா தெரியவில்லை. ஆனால் நான் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீ உன்னைக் கண்ணாடியில் தொட்டுப் பார்த்துக்கொண்டாயா?

தங்கமுத்து


மரியே வாழ்க
புதுக்கோட்டை
15.4.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணன் சொன்னார். கடை வாசலில் நின்று அதை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டார். வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இதோடு ஒரு ஜாக்கெட் வருகிறது. இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்திருக்கிறேன். வெறும் பஞ்சு அடைத்தால் கனமில்லாமல் மேலே மேலே ஏறுகிறது. அதனால் நடுவில் கொஞ்சம் கேழ்வரகு போட்டேன். இப்போது இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். வெளியே தெரியாது.

என்னைக் கேட்டிருந்தீர்கள். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன். பள்ளிக்கூட யூனிபார்ம் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அன்புடன்,
ஷர்லி


உ
வல்லத்திராக்கோட்டை
22.7.2025

அன்புள்ள ஷர்லிக்கு,

மருந்து ஏற்றி ஏற்றிக் கை நரம்பெல்லாம் ஓய்ந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு தாமதம். முடி முழுதும் போய்விட்டது. மாமியார் ஊருக்கெல்லாம் "சமயபுரத்துக்கு வேண்டுதல், மொட்டை போட்டிருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்களிடம் நான், "இல்லக்கா, மருந்துல கொட்டிருச்சு" என்று சொல்லிவிட்டேன். மாமியார் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் எதிர்வீட்டுக்காரி ரகசியமாக வந்து, "கட்டின்னா எப்புடி இருக்கும், காட்டு" என்று கேட்டாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்து அவரிடமும் கொழுந்தனிடமும் காட்டினார்களாம். அப்படித்தான் வழக்கமாம். நான் கண் விழித்துக் கேட்டபோது அது டெஸ்டுக்குப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து என் உடம்பு, ஷர்லி. கொழுந்தன் பார்த்துவிட்டார், நான் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எப்புடி இருந்துச்சு, சொல்லுங்க" என்று அவரை அரித்துக்கொண்டே இருந்தேன். மழுப்பிக்கொண்டே வந்தவர் ஒரு மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மஞ்சளா, கொழுப்பா இருந்துச்சு. நடுவுல வெள்ளையா, கல்லு கணக்கா அது. ஒங்கிட்ட காட்டாம நான் மட்டும் பாத்தது எனக்கே ஒரு மாதிரியா போச்சு தங்கம்" என்றார். அவர் என்னைத் தங்கம் என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

நீ அனுப்பிய ஜாக்கெட்டுக்கு எறும்பு வந்துவிட்டது. கேழ்வரகைப் பிரித்துக் கோழிக்குப் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கல்யாணம் காட்சிக்கு வேண்டுமானால் பை வைத்து ஒன்று இருக்கட்டும். மற்றதெல்லாம் நான் இப்போது இருக்கிறபடி தைத்துக் கொடு. பழைய அளவு ஜாக்கெட்டை மிஷின் துடைக்கப் போட்டுவிடு.

ஆனால் புது அளவு உடனே தர மாட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் யூனிபார்ம் கதை சொன்னாய் அல்லவா? ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவளை யார் அளவெடுத்தது? முதலில் உன் ஜாக்கெட் ஒன்றை அனுப்பு. நான் மடித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மொட்டைத் தலையோடு,
தங்கமுத்து


மரியே வாழ்க
புதுக்கோட்டை
2.8.2025

அக்கா,

என் கிறிஸ்துமஸ் ஜாக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் திருப்திக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் எடுத்தேன். மேஜையில் போட்டு மடித்தபோது இரண்டு பக்கமும் சேரவில்லை. வலது பக்கம் உள்ளே விட்ட துணி முழுதும் பிரித்திருக்கிறது.

நான்தான் பிரித்தேன். பூசைக்கு நேரமாகிவிட்டது, வெட்டு தப்பிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு பிரித்துப் போட்டுக்கொண்டேன். உங்கள் ஜாக்கெட்டைக் கேட்ட கேள்வியை என் ஜாக்கெட்டைக் கேட்கவே இல்லை.

நேற்று தொட்டுப் பார்த்தேன். ஏதோ இருக்கிறது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு விடுகிறேன். உங்களால் பஸ் ஏற முடிந்தால் ஆஸ்பத்திரி வாசலுக்கு வாருங்கள். உள்ளே என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். யார் வெளியே போகச் சொன்னாலும் எழுந்திருக்காதீர்கள்.

ஷர்லி