மேகத்துக்கு வேண்டிக்கொண்ட சாயங்காலம்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போன பிறகு முதல் தடவையாக வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன சனிக்கிழமை ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் வான்விளக்குத் திருவிழா. காகிதக் கூண்டுக்குள் தீ வைத்து மேலே விடுவார்கள், இறந்தவர்கள் பேரையும் எழுதலாம் என்று ரேவதி இழுத்துக்கொண்டு போனாள். என்கூடப் படித்த அதே ரேவதிதான். வெளிச்சம் வானத்துக்குப் போகாமலிருக்க உன் டார்ச்சில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைக் கிழித்துத் திட்டு வாங்கினாளே, அவள்.

உன் பேரை எழுதும்வரை ஒன்றுமில்லை. பற்றவைக்கும்போதுதான் கை நின்றுவிட்டது. காவலூரில் தொலைநோக்கி வளாகத்து வாசலில் காலமெல்லாம் ராத்திரிக் காவல் பார்த்த ஆள் நீ. வருகிற வண்டியையெல்லாம் மறித்து, "லைட்ட அணைங்க, மேல நட்சத்திரம் பாக்குறாங்க" என்று சொல்லியே உனக்குத் தொண்டை கட்டிப்போனது. உன் பேரில் ஒரு விளக்கை வானத்துக்கே அனுப்பினால் சும்மா இருப்பாயா? ஆனால், ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடியபோது நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன் நைனா. உன்னை வழியனுப்ப எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்.

"இன்னாடி யோசிக்கிற? எல்லாரும் வுடப் போறாங்க," என்றாள் ரேவதி.

அந்த நேரம் பார்த்து மேகம் திரண்டது. கூட்டம் மொத்தமும் சாமியைக் கும்பிட்டு, மேகம் போகட்டும் என்று வேண்டியது. எனக்கு மட்டும் நம் வீட்டுத் தீபாவளி ஞாபகம் வந்தது. வானம் தெளிந்திருந்தால் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்த விட மாட்டாய். மேகம் மூடினால் நீயே ஓடிவந்து, "இன்னிக்கி மேல ஒண்ணும் தெரியாது, கொளுத்துங்க" என்பாய். தீபாவளியன்று மேகத்துக்கு வேண்டிக்கொண்ட பிள்ளைகள் ஊரிலேயே நாங்கள்தான்.

உடனே காவலூர் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, அங்க வானம் எப்டி கீது?"

"நல்லா மூடிக்கினு கீது. ஒரு நட்சத்திரம் இல்ல. ஏண்டி?"

"நைனா கொளுத்தச் சொல்லிட்டாரு."

அம்மா மறுபடி வாசலுக்குப் போகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ சீக்கிரம் கொளுத்து. தெளிஞ்சிடப் போவுது" என்றாள்.

கொளுத்தினேன். உன் பேர் ஆடி அசைந்து மேலே போனது. நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், மேகம் லேசாக விலகி ஒரே ஒரு நட்சத்திரம் எட்டிப் பார்க்கிறது. என்னை அறியாமல், "லைட்ட அணைங்க" என்று கத்திவிட்டேன். கரையே திரும்பிப் பார்த்தது. ரேவதி சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்டியே உங்க நைனா கொரலுடி," என்றாள்.

அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் சிரிப்புதான் ஜெயித்தது.

ஒன்று சத்தியம் செய்கிறேன். வானம் தெளிந்த ராத்திரிகளில் நம் வீட்டு வாசல் பல்பு எரியாது. மேகம் மூடினால் மட்டும் உனக்கென்று ஒரு வான்விளக்கு கொளுத்துவேன்.

உன் தொண்டையை வாங்கிக்கொண்ட மூத்த மகள்,
செல்வி